வெளிநாட்டில் வக்கீல் தொழில்: குட் ஸ்டாண்டிங் சான்றிதழை யாரிடம், எப்படி, எப்போது கேட்பது?

கேள்வி கேட்டவர் 2014-ல் சென்னையில் வக்கீலாக என்ரோல் ஆனவர். சில வருடம் கோர்ட் பிராக்டீஸ், அப்புறம் ஒரு ஐடி கம்பெனியின் லீகல் டிபார்ட்மென்டில் முழுநேர வேலை. இப்போது குடும்பத்தோடு டொரன்டோ போகிறார். அங்கே வக்கீலாக வேண்டுமென்றால் முதல் படி, வெளிநாட்டுச் சட்டப் படிப்பை எடைபோடும் என்சிஏ என்ற கனடா அமைப்பின் மதிப்பீடு. அவர்கள் கேட்கும் ஆவணங்களில் குட் ஸ்டாண்டிங் சான்றிதழும் ஒன்று. "எங்கள் பார் அசோசியேஷன் தலைவர் லெட்டர்ஹெட்டில் எழுதித் தருகிறேன் என்கிறார், சீனியரும் நன்னடத்தைச் சான்று தருவார், இது போதுமா?" என்று கேட்டிருக்கிறார்.

போதாது. இரண்டுமே போதாது. ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற பாதிச் சந்தேகங்கள் தானாகவே தீர்ந்துவிடும்.

இது நீங்கள் நல்லவர் என்று யாரோ ஒருவர் தரும் சான்றிதழ் இல்லை. உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்கவும், தப்பு செய்தால் நீக்கவும் அதிகாரம் உள்ள அமைப்பு, அதே அதிகாரம் உள்ள இன்னொரு அமைப்புக்கு எழுதும் கடிதம். இந்த ஆள் எங்கள் பட்டியலில் இருக்கிறார், இந்தத் தேதியில் சேர்ந்தார், இன்றைய நிலை இது, இவர் மீது ஒழுங்கு நடவடிக்கை இருக்கிறது அல்லது இல்லை. அவ்வளவுதான். உங்களை நீக்க முடியாதவர் உங்களுக்கு நற்சான்று கொடுத்தால் அதற்கு மதிப்பு கிடையாது. அசோசியேஷன் எவ்வளவு பழம்பெரும் சங்கமாக இருந்தாலும் உங்களைச் சங்கத்திலிருந்துதான் நீக்க முடியும், தொழிலிலிருந்து நீக்க முடியாது. 1961-ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி பட்டியலை வைத்திருப்பது மாநில பார் கவுன்சில். 35-ஆவது பிரிவுப்படி கண்டிக்கவும், சஸ்பெண்ட் செய்யவும், பெயரையே நீக்கவும் அதிகாரம் அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு. ஆக, உங்களுக்கு தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில், ஹைகோர்ட் வளாகத்திலேயே இருப்பது. வேறு இடம் தேட வேண்டாம்.

சில வெளிநாட்டுப் படிவங்களில் இந்திய பார் கவுன்சில் என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள், உடனே டெல்லிக்கு ஓடாதீர்கள். பட்டியல் மாநிலத்தில் இருக்கிறது, அங்கிருந்துதான் சான்றிதழ் வரும் என்று 17-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போட்டால் புரிந்துகொள்வார்கள். டெல்லியிலிருந்தும் கடிதம் தேவைப்படும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு, கீழே சொல்கிறேன்.

கனடாவில் நம்மவர்களில் இலங்கைச் சட்டத்தரணிகளும் நிறைய இருப்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே 1978-ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டப்படி சட்டத்தரணியாக அனுமதிப்பதும் நீக்குவதும் உயர் நீதிமன்றம், அதாவது அந்த நாட்டின் உச்சிமட்ட நீதிமன்றம். எனவே பிரதானமாகப் போக வேண்டியது அதன் பதிவாளரிடம். சட்டத்தரணிகள் சங்கத்தின் கடிதத்தையும் சிலர் கேட்பார்கள், கேட்டால் கூடுதலாக வைக்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கேட்காத ஒன்றுதான் என் கண்ணில் முதலில் பட்டது. ஐடி கம்பெனியில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தபோது பிராக்டீஸை சஸ்பெண்ட் செய்வதாக பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தீர்களா? முழுநேரச் சம்பள வேலையில் இருக்கிறவர் பிராக்டீஸ் செய்யக்கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சில் விதிகளின் 49-ஆவது விதி. தானாக முன்வந்து பிராக்டீஸை நிறுத்துகிறவர் அதைப் பதிவுத் தபாலில் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அசல் என்ரோல்மென்ட் சர்டிபிகேட்டையும் ஒப்படைக்க வேண்டும். கார்ப்பரேட் பக்கம் போகிறவர்களில் பலர் இதைச் செய்வதில்லை, 'பின்னால் பார்த்துக்கொள்ளலாம்' என்று சர்டிபிகேட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளூரில் யாரும் கேட்பதில்லை, அதனால் பிரச்சினையும் தெரிவதில்லை. வெளிநாட்டுக்குப் பேப்பர் போகும்போதுதான் வெடிக்கும். ஒரு பக்கம் உங்கள் பயோடேட்டா 2020 முதல் கம்பெனி வேலை என்கிறது, இன்னொரு பக்கம் சான்றிதழ் இன்றுவரை தொடர்ந்து பிராக்டீஸில் இருப்பதாகச் சொல்கிறது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் படிக்கப் போவது, டொரன்டோ இருக்கும் மாகாணத்தில் வக்கீல் உரிமம் கொடுக்கும் லா சொசைட்டி ஆஃப் ஒன்டாரியோ. அங்கே நல்லொழுக்கம் என்பது உரிமம் பெறுவதற்கான சட்ட நிபந்தனை. நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லைதான், ஆனால் பேப்பரில் முரண்பாடு இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சஸ்பெண்ட் செய்யவில்லை என்றால் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கலாம், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வரப்போகும் சான்றிதழில் 2014 முதல் பட்டியலில் இருக்கிறார், இன்ன தேதியிலிருந்து சொந்த விருப்பத்தில் பிராக்டீஸை நிறுத்தி வைத்திருக்கிறார், நடவடிக்கை ஏதும் இல்லை என்று இருக்கும். என்சிஏவுக்கு இது ஒரு குறையே இல்லை. அவர்கள் பிரதானமாகப் பார்ப்பது உங்கள் சட்டப் படிப்பையும் அனுபவத்தையும். அதை வைத்துத்தான் என்னென்ன பாடம் எழுத வேண்டும் என்று முடிவு செய்வார்கள். நிர்வாகச் சட்டம், அரசியலமைப்பு, குற்றவியல், கனடா சட்ட அடிப்படைகள், தொழில் ஒழுக்கம் ஆகிய ஐந்தும் எல்லோருக்கும் உண்டு, அதற்கு மேல் உங்கள் மார்க் பட்டியலைப் பொறுத்தது.

ஆனால் எல்லா ஊருக்கும் இதே பதில் கிடையாது. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டில் பட்டியலில் இருந்து, நடப்பில் பிராக்டீஸ் செய்யும் உரிமையும் உள்ள வக்கீல், அங்கே கூடுதலாக ஒரு படிப்பும் படிக்காமல் பார் தேர்வு எழுதலாம். அந்தச் சலுகைக்கான சாவியே இந்தச் சான்றிதழ்தான், சஸ்பெண்ட் ஆன நிலையில் இருந்தால் கதவு திறக்காது. நியூயார்க்கில் கதை வேறு. அங்கே தேர்வுக்கு அனுமதிக்கும் முன், அந்த மாநில வக்கீல் சேர்க்கை விதிகளின் 520.6 விதிப்படி முக்கியமாகப் பார்ப்பது நீங்கள் எத்தனை வருடம், எந்த மரபில் சட்டம் படித்தீர்கள் என்பதை. தேர்வெல்லாம் பாஸ் செய்து கடைசியில் பதிவுக்குப் போகும்போது, நீங்கள் இதுவரை எங்கெல்லாம் பட்டியலில் இருந்தீர்களோ அங்கிருந்தெல்லாம் குட் ஸ்டாண்டிங் கேட்பார்கள். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரில் வந்த எஸ்க்யூஇ என்ற வக்கீல் தகுதித் தேர்வு முறையில், ஏற்கெனவே வக்கீலாக உள்ளவருக்கு இரண்டு வருடப் பணி அனுபவம் தேவையில்லை. அந்த விலக்கு வேண்டுமென்றால் நீங்கள் உண்மையிலேயே வக்கீல்தான் என்று காட்ட வேண்டும் அல்லவா, அதற்கும் இதே தாள். ஆகவே பிராக்டீஸை நிறுத்துவது, மறுபடி தொடங்குவது பற்றி முடிவெடுக்கும் முன் எந்த நாடு, எந்த மாநிலம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மறுபடி தொடங்க வேண்டுமென்றால், இடையில் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஏ பிரிவின் கீழ் எந்தத் தகுதியிழப்பும் ஏற்படவில்லை என்று அஃபிடவிட் போட்டு பார் கவுன்சில் செயலாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். கம்பெனி வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து பெயர். இது நம் ஊருக்கே உரிய தலைவலி. நமக்கு இனிஷியல் உண்டு, சர்நேம் கிடையாது. என்ரோல் ஆனபோது 'கே. மீனாட்சி'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டு, 'மீனாட்சி கந்தசாமி'. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது கணவர் பெயர் சேர்ந்து 'மீனாட்சி ராஜேஷ்'. டிகிரி சர்டிபிகேட்டில் 'மீனாட்சி கே'. நமக்கு இது நாலும் ஒரே ஆள் என்று பார்த்த உடனே தெரியும். டொரன்டோவில் ஃபைலைத் திறக்கும் அலுவலருக்கு இது நாலு வேறு பெண்கள். சான்றிதழ் என்ரோல்மென்ட் ரெஜிஸ்டரில் உள்ள பெயரில்தான் வரும், எவ்வளவு கெஞ்சினாலும் பாஸ்போர்ட் பெயரில் எழுதித் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

இதற்கு மலிவான வழி, நோட்டரி முன்னால் 'இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்' என்று ஒரு அஃபிடவிட். இனிஷியலை விரித்தது மட்டும்தான் வித்தியாசம் என்றால் பல இடங்களில் இதுவே போதும். கணவர் பெயர் சேர்ந்து பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அந்த கெஜட் நகலைக் கொடுத்து பார் கவுன்சில் ரெஜிஸ்டரிலும் மாற்றிக்கொள்வதுதான் உறுதியானது. திருமணச் சான்றிதழை மட்டும் வைத்தே ஏற்கும் நாடுகளும் உண்டு, அதனால் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள்.

நீங்கள் 2014 என்பதால் பார் தேர்வும் உங்களுக்குப் பொருந்தும். 2009-10 கல்வியாண்டு முதல் சட்டம் முடித்து வந்தவர்களுக்கு அகில இந்திய பார் தேர்வு கட்டாயம், அதன் செல்லுபடியை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது. பாஸ் செய்து சர்டிபிகேட் ஆஃப் பிராக்டீஸ் கையில் இருந்தால் நல்லது. என்ரோல் ஆனதோடு விட்டுவிட்டவர்கள் இப்போதே அதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, பிராக்டீஸ் செய்யும் உரிமை இருப்பது வேறு, வெளிநாட்டு அமைப்புகள் இரண்டையும் தனித்தனியாகவே கேட்கும். இன்னொன்று, டிகிரி சரிபார்ப்பு. போலி வக்கீல்களைக் களையெடுக்க 2015-ல் சரிபார்ப்பு விதிகள் வந்தன. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதற்கான படிவத்தைக் கொடுத்திருக்கிறீர்களா, நலநிதிச் சந்தா பாக்கி இருக்கிறதா என்று சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கவுன்டரில் விசாரித்துவிடுங்கள். பாக்கி இருந்தால் கட்டி, ரசீதை ஃபைலில் வையுங்கள்.

புகார் விஷயம். இதைக் கேட்கவே பலர் கூச்சப்படுகிறார்கள், ஆனால் நம் ஊர் வக்கீல் மீது புகார் வருவது அதிசயமே இல்லை. கேஸ் தோற்ற கட்சிக்காரர் கொடுப்பார், ஃபீஸ் தகராறில் கொடுப்பார், சில சமயம் எதிர்த்தரப்புக்காரரே கடுப்பில் கொடுப்பார். புகார் வந்ததாலேயே சான்றிதழ் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். 35-ஆவது பிரிவுப்படி, புகாரில் முகாந்திரம் இருப்பதாக கவுன்சில் நம்பினால்தான் அது ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கே போகும். புகார் வந்த நிலை, குழுவுக்கு அனுப்பப்பட்ட நிலை, உத்தரவு வந்த நிலை என்று மூன்றும் வேறு வேறு, சான்றிதழிலும் உங்கள் விண்ணப்பத்திலும் எந்த நிலை என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். புகார் வந்து ஒரு வருடத்துக்குள் மாநிலக் குழு முடிக்கவில்லை என்றால் 36-பி பிரிவுப்படி அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். மேலே டெல்லிக் கடிதம் என்று சொன்னேனே, அது இந்தச் சந்தர்ப்பத்துக்குத்தான். சென்னை ஃபைலில் மாற்றப்பட்டது என்ற குறிப்போடு நின்றுவிடும், அப்புறம் என்ன ஆயிற்று என்பதை டெல்லிதான் சொல்ல முடியும்.

தள்ளுபடி ஆன பழைய புகாராக இருந்தாலும், படிவத்தில் 'எப்போதாவது புகார் வந்ததா' என்று கேட்டிருந்தால் ஆம் என்றே எழுதுங்கள். புகார் நகல், உங்கள் பதில், தள்ளுபடி உத்தரவு மூன்றையும் இணைத்துவிடுங்கள். 'தள்ளுபடிதானே, எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும்' என்று யோசனை சொல்லும் நண்பர்கள் எல்லா கோர்ட் கேன்டீனிலும் இருப்பார்கள். ஒரு தள்ளுபடி ஆன புகாருக்காக ஒருவரை நிராகரிப்பது அரிது. அதை மறைத்தது தெரிந்தால் நிலைமை தலைகீழ், விசாரணை அந்தப் பழைய புகாரைப் பற்றி இருக்காது, நீங்கள் மறைத்ததைப் பற்றித்தான் இருக்கும்.

விண்ணப்பக் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதில் கொஞ்சம் நிதானம் தேவை. வெறுமனே 'குட் ஸ்டாண்டிங் சர்டிபிகேட் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒற்றை வரியில் எழுதினால், அலுவலகத்தில் வழக்கமாக வைத்திருக்கும் மாதிரியில் நாலு வரி அடித்துத் தருவார்கள், அதில் வெளிநாட்டு அமைப்பு கேட்கும் ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகும். அதனால் கடிதத்திலேயே எம்.எஸ். எண் (உங்கள் என்ரோல்மென்ட் எண்), என்ரோல் ஆன தேதி எல்லாம் கொடுத்து, சான்றிதழில் இடம்பெற வேண்டியவற்றை எழுதிவிடுங்கள்: ரெஜிஸ்டரில் உள்ளபடி முழுப்பெயர், பதிவு எண், சேர்ந்த தேதி, இன்றைய நிலை, முன்பு தண்டனை ஏதும் உண்டா, இப்போது புகாரோ நடவடிக்கையோ நிலுவையில் உள்ளதா. கையெழுத்திடுபவரின் பெயரும் பதவியும், முத்திரை, தேதி, கவுன்சிலின் அதிகாரபூர்வ மின்னஞ்சல் ஆகியவையும் இருக்க வேண்டும். வெளிநாட்டு அமைப்பின் இணையதளத்தில் இதற்கான வாசகம் கொடுத்திருந்தால் அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து இணைத்துவிடுங்கள், சும்மா வாயால் சொல்வதைவிட அது பலமடங்கு வேலை செய்யும். கூடவே என்ரோல்மென்ட் சர்டிபிகேட் நகல், அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் நகல், கட்டணம் கட்டிய ரசீது. நீங்கள் ஏற்கெனவே வெளிநாடு போய்விட்டால், கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு நம்பகமான ஒரு ஜூனியரை அனுப்பலாம்.

அனுப்பும் வழி இன்னும் முக்கியம். என்சிஏ போன்றவர்கள் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பிடமிருந்தே நேரடியாக வர வேண்டும் என்பார்கள். நீங்கள் வாங்கி, ஸ்கேன் செய்து, அப்லோட் பண்ணினால் கணக்கில் சேராது. எனவே விண்ணப்பத்திலேயே பெறுபவரின் முழு முகவரியும் மின்னஞ்சலும் உங்கள் என்சிஏ ஃபைல் எண்ணும் இருக்கட்டும். அந்த எண் இல்லாமல் போகும் கவர் யாருடையது என்று தெரியாமல் அங்கே ஒரு மூலையில் கிடக்கும். தபாலில் என்றால் கவுன்சில் முத்திரையிட்டு மூடிய கவர், மூடிய இடத்தில் கையெழுத்து. உங்களுக்கென்று தனியாக ஒரு அசலும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்காக நம் அரசு போடும் முத்திரை, வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். கேட்டால் மட்டும் செய்யுங்கள். நேரடியாக அமைப்பிலிருந்து அமைப்புக்குப் போகும் கடிதத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது, கனடாவுக்கு அது 2024 ஜனவரி 11-ல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் போனவர்கள் தூதரக அட்டெஸ்டேஷன் கதையெல்லாம் சொல்வார்கள், அது அவர்கள் காலத்துக்குச் சரி. உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்கு இன்றும் அந்த வழிதான். வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டிலுக்கு வாங்கும் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய், அதன்மேல் ஏஜென்சியின் சேவைக் கட்டணம். ஆயிரக்கணக்கில் சொல்லும் இடைத்தரகரிடம் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

எப்போது கேட்பது? கடைசியில். பாலைப் போல இதற்கும் ஆயுள் குறைவு, இங்கிலாந்தில் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதாரிட்டி மூன்று மாதத்துக்குள் தேதியிட்டதையே கேட்கும், மற்ற இடங்களில் எவ்வளவு என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவது எவ்வளவு இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். சான்றிதழை முதலில் வாங்கிவிட்டு டிரான்ஸ்கிரிப்டுக்குக் காத்திருந்தால், அது வருவதற்குள் இது காலாவதி. டிரான்ஸ்கிரிப்ட் புறப்பட்ட பிறகு பார் கவுன்சிலுக்குப் போங்கள். அதேபோல, ஒருமுறை கொடுத்தாயிற்று என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. என்சிஏவுக்குப் போனது மதிப்பீட்டுக்கு மட்டும். ஐந்து பாடமும் எழுதி முடித்து, ஒன்டாரியோவில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் கட்டத்தில் வருடங்கள் ஓடியிருக்கும், புதிய தேதியிட்ட சான்றிதழ் மறுபடி தேவைப்படலாம். அதனால் கனடா போன பிறகும் சென்னைப் பட்டியலில் உங்கள் நிலை சுத்தமாக இருக்க வேண்டும், முகவரி மாற்றத்தையும் தெரிவித்துவிடுங்கள். பழைய முகவரிக்கு ஒரு புகார் நோட்டீஸ் போய், நீங்கள் பதில் கொடுக்காமல், எக்ஸ்பார்ட்டியாக ஏதாவது நடந்தால் டொரன்டோவில் உட்கார்ந்துகொண்டு அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

போலீஸ் கிளியரன்ஸ் இதற்குப் பதிலாகாது. அது பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வருவது, தனியாகக் கேட்டால் தனியாகக் கொடுக்க வேண்டியது. சீனியரின் கடிதத்தை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் என்னென்ன வழக்குகள் நடத்தினீர்கள், எந்தக் கோர்ட்டில், எத்தனை வருடம் என்று அவர் விவரமாக எழுதித் தந்தால், ஒன்டாரியோவில் ஆர்ட்டிக்ளிங் (உரிமத்துக்கு முந்தைய பயிற்சி) காலத்தைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கும்போது அது கைகொடுக்கும். 'நன்கு பழகுபவர், கடின உழைப்பாளி' என்ற வாசகத்துக்கு அங்கே வேலை இல்லை.

இப்போதைக்கு சஸ்பென்ஷன் கடிதம், தேவைப்பட்டால் பெயர் மாற்றம், இரண்டையும் இந்த வாரமே ஆரம்பியுங்கள். கெஜட்டுக்கு நாள் பிடிக்கும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.